ஒவ்வோர் எழுத்தாய்...

"ஐயோ... கீபோட்!"

தேத்தண்ணி முழுவதும் எழுத்துகளுக்கிடையில் இறங்கிவிட்டது. சீதேவி நிமிர்ந்து முறைத்தாள். வெறுங் கோப்பையோடு நின்றவனின் கண்களில் மழைக்கால வாவியின் கருமை...

"கண் தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியும். கால்தான் தட்டுப்பட்டிட்டு..."

2006 ஐப்பசி. மட்டக்களப்பில் கொம்பியூட்டர் மாலை வகுப்பு. இடம்பெயர்ந்த பாடசாலையொன்றின் இருநூறு நூலகப் புத்தகங்களின் விவரங்களையும் கணினியில் ஏற்றினால்தான் அவளுக்குச் சான்றிதழ். மேலதிகக் கீபோட் அங்கே கிடையாது.

சித்தாண்டி ஊரிலிருந்து வந்து கூடப் படித்த அருமைநாயகம்தான் அவன். நனைந்ததைக் காயவைக்க எடுத்துப்போனவன், திரும்பிவந்து திரையிலேயே ஒரு கீபோட்டை வரவழைத்தான்.

"மவுஸால ஒவ்வொரு எழுத்தா அமத்துங்க. நான் இடாப்பில இருக்கிற புத்தகப் பேர வாசிக்கிறன்."

முதல் நாள் பதினொரு புத்தகம். கொப்பியில் குறித்துக்கொண்டாள். மறுநாளும் அவன் பக்கத்தில் வந்தமர்ந்தான்.

"ஆமை இதவிட வேகமாப் போகும், புள்ள."

"ஆமைக்கு ஆரும் தேத்தண்ணி ஊத்தல்லயே!"

வெளியே வாவியில் மழை... திரையில் ஊரும் அம்புக்குறி... வாகரைப் பக்கம் ஷெல் வெடித்து அதிர்ந்தால் இருவரும் நிறுத்துவார்கள். பிறகு, விட்ட இடத்திலிருந்து அவன் மெதுவாக வாசிப்பான். இன்று நினைத்தாலும் அந்தக் குரல் அவள் காதருகே கேட்கும்.

ஐந்தரைக்குக் கடைசி பஸ். ஊரான செட்டிபாளையம் வரை அவளைச் சந்தேகம் தின்னும். பாவம் பார்த்து வருகிறானோ? ஊற்றிய தேத்தண்ணிக்குப் பரிகாரமோ?

பதின்மூன்றாம் நாள் கடைசிப் புத்தகமும் முடிந்தது.

"இனி நீங்க கடமைக்கு வரத் தேவல்ல" என்றாள், முகம் பார்க்காமல்.

எழுந்து வாசல்வரை போனவன் திரும்பினான்.

"கடமை இல்ல... களவு. அந்தக் கீபோட் ரெண்டு நாளிலயே சரிவந்திட்டு. நான்தான் அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சன். உங்களுக்குப் பக்கத்தில இருக்க வேற வழி தெரியல்ல..."

அவள் கன்னம் சூடாகியது.

"ஆறாம் நாள் நான் அதக் கண்டனான்."

"கண்டும்...?"

"ஓம், கண்டும்தான். எடுத்துக் கொழுவிப் பாக்கப் பயமா இருந்திச்சு. வேலை செஞ்சா நீங்க வரமாட்டீங்களே... இன்னும் உள்ளுக்குத் தள்ளி வெச்சிட்டன்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விழுங்கிவிட்டுக் கேட்டான்: "வீட்டு ஆக்களோட பொம்பிள கேட்டு உங்கட ஊருக்கு வரட்டா, சீதேவி?"

பஸ் ஹோர்ன் அடித்தது. வாய் திறக்க வெட்கம். மவுஸைப் பிடித்தாள். வெற்றுத் திரையில் நிதானமாக அமத்தினாள்...

ஓ...

ம...

அதன் தலையில் ஒரு புள்ளி.