ஒன்பதாவது ஒலிப்பேழை

காலையில் எழுந்ததும் பிச்சுமணி தம் காதுகளைக் கழற்றினார், வெந்நீரில் அலசினார், கொடியில் கவ்வி போட்டுத் தொங்கவிட்டார். செவ்வாய்க் கோளின் குமிழ்நகரில் காற்று மெல்லியது. பிறவிக் காதுகளால் அங்கே பயனில்லை. ஆகவே அனைவரும் செயற்கைச் செவிகளையே அணிந்திருந்தனர். அலசிய செவிகள் அரைமணி நேரம் உலர வேண்டும் என்பது விதி.

அன்று அவருக்கு அரைமணி நேரம் இல்லை. இரண்டே நிமிடங்களில் எடுத்து மாட்டிக்கொண்டார். அவருடைய சிறு இசைக்குழுவின் பாடகி ஜெசிந்தா, நண்பகல் கப்பலில் சனிக் கோளின் நிலவொன்றுக்குப் புறப்படுகிறார். திரும்பிவர நாற்பது ஆண்டுகளாகும். அவர் கிளம்புவதற்குள் மூவரும் சேர்ந்து ஒரு பாட்டையாவது பதிந்துவிட வேண்டும். கிதார் பிச்சுமணி, டிரம்ஸ் காதர்.

பதிவதற்கு ஒலிப்பேழை வேண்டுமே! எட்டு நாள்களில் எட்டுப் பேழைகளை வரவழைத்து, எட்டையும் திருப்பியனுப்பியிருந்தனர். ஒன்றின் நிறம் சரியில்லை. மற்றொன்று, வௌவால்களுக்கு மட்டுமே கேட்கும் ஒலியைப் பதியவில்லை.

"செவ்வாயில ஏதுடா வௌவால்?" என்று ஜெசிந்தா கேட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு வந்துட்டா?" என்றார் பிச்சுமணி.

ஒன்பதாவது பேழை பதினொரு மணிக்கு வந்தது. வழக்கம்போல ஜெசிந்தா அதன்முன் நின்று, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றார். காதர் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, வேறு வழியின்றி, அவர்கள் உண்மையிலேயே பாடிவிட்டனர்.

பாட்டு ஒரே மூச்சில் அமைந்தது. பதிவைத் திரும்பக் கேட்டபோது ஜெசிந்தாவின் கண்கள் நிறைந்தன.

"மாப்ள, நாமளாடா இது!" என்றார் காதர்.

பிச்சுமணி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அடியில ஒரு இரைச்சல் இருக்கு. களகளன்னு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நல்லா கவனிச்சுக் கேளு."

காதர் கவனித்தார். "ஆமா... சொன்னப்புறம் லேசா கேக்குற மாதிரிதான் இருக்கு."

தமக்கு மட்டும் கேட்கவில்லை என்று சொல்ல ஜெசிந்தாவுக்கும் கூச்சமாயிருந்தது. "இருக்குது போல," என்றார்.

"திருப்பியனுப்பினால் என் நினைவு முழுவதும் அழிக்கப்படும், அது சட்டம். பாட்டு நன்றாக இருக்கிறது, ஐயா," என்றது பேழை.

"அத நீ சொல்லாத," என்று பிச்சுமணி திருப்பியனுப்பும் பொத்தானை அழுத்தினார். "அஞ்சு நிமிஷத்துல வேற வந்துடும் ஜெசி. இன்னொரு தரம் பாடிடலாம்."

சொன்னபடியே பத்தாவது பேழை பறந்து வந்தது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஜெசிந்தா தொடங்கினார். பிச்சுமணி கையை உயர்த்தினார். அதிலும் அதே இரைச்சல். அதையும் திருப்பியனுப்பிக்கொண்டிருக்கையில் கப்பலின் சங்கு ஒலித்தது.

"போயிட்டு வரேண்டா பிச்சு. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கி வை," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா பெட்டியுடன் ஓடினார்.

கப்பல் மேலெழுந்து மறைந்தது. வீட்டில் பேச்சில்லை, ஆயினும் பிச்சுமணிக்கு அந்தக் களகளப்பு நிற்கவில்லை. ஐயத்துடன் வலக்காதைக் கழற்றிக் குலுக்கினார்.

உள்ளிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தது.

காதர் அந்தச் சொட்டையும் பிச்சுமணியையும் மாறிமாறிப் பார்த்தார். பிச்சுமணி மெல்லக் கணினித் திரையைத் திறந்து, சந்தையிலுள்ள நாற்பத்திரண்டு வகைக் காதுகளை ஒன்றோடொன்று ஒப்பிடத் தொடங்கினார்.