படகின் மறுபக்கத்து ஆள்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. பின்னால் நிற்கிறவர்களும் நெருங்கி உட்காருங்கள். ஒரு படத்துக்குள்ளே நூறு வருஷத்துக்கும் மேலாகச் சாய்ந்து கிடந்த ஒருத்தரை, ராயபுரத்துச் சின்னப் பெண் ஒருத்தி காப்பாற்றின கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்கிவைக்காதீர்கள். வயிறு வலிக்கும்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜூடி. ஐந்தாம் வகுப்பு. அவளுடைய நைனா ஜெரால்ட் கடலுக்குப் போகிறவர். அம்மா பிலோமி மீன் விற்கிறவள்.

அவர்கள் தெருவில் ஒரு சின்ன மாதா கோயில். அதன் பக்கச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் பழைய ஓவியம் ஒன்று. ஏதோ ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தாராம். வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. இரவெல்லாம் வலை போட்டு ஒரு நெத்திலிகூடக் கிடைக்காமல் சோர்ந்துபோன மீனவர்களிடம், இன்னொரு தரம் போடுங்கள் என்றார் இயேசு. போட்டார்கள். வலை கிழிகிற அளவுக்கு மீன். அந்தக் கதைதான் படம்.

பூசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மீன்பிடிக் குடும்பங்கள். அவர்கள் கண் வேறெங்கே போகும்? நேரே மீனுக்குத்தான். அது கொடுவா என்று ஒரு கட்சி. இல்லவே இல்லை, கானாங்கெளுத்தி என்று இன்னொரு கட்சி. மூன்று தலைமுறையாக அந்த வழக்குத் தீரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே எண்ணம். படத்தில் இயேசு படகின் முனையில் நிற்க, ஐந்து பேர் மூச்சைப் பிடித்து வலையை இழுக்கிறார்கள். ஆறாவது ஆள் மட்டும் படகின் மறுபக்கத்தில், இருட்டில், ஒய்யாரமாகச் சாய்ந்து கிடக்கிறார். சரியான தூங்குமூஞ்சி. தெருவில் யார் சோம்பேறித்தனம் பண்ணினாலும் “படத்தாளு” என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்போது அந்தப் பட்டப்பெயர் ஜூடியிடம் இருந்தது. அவள் சோம்பேறி இல்லை. மெதுவானவள், அவ்வளவுதான். இரண்டு இட்லி சாப்பிட அரைமணி நேரம் ஆகும். டீச்சர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அவளிடமிருந்து வரும். ஆனால் மணி அடித்த பிறகு வரும். அதற்குள் பிள்ளைகள் “படத்தாளு, படத்தாளு” என்று ராகம் போட்டுவிடுவார்கள்.

திருவிழா நெருங்கியது. விழாக் கமிட்டித் தலைவர் கஸ்பார், துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மூன்று பேனா இல்லாமல் வெளியே வரமாட்டார். படத்துக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கையோடு அந்தத் தூங்குமூஞ்சியையும் அழித்துவிட வேண்டும் என்றார்.

“அஞ்சு பேரு வேல செய்ற எடத்துல ஒருத்தன் தூங்கிகினு இருந்தா, நம்ம புள்ளைங்களுக்கு இன்னா புத்தி வரும்?” என்று கேட்டார்.

அழித்த இடத்தில் என்ன வரைவது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஐஸ் பெட்டி என்றார் ஒருத்தர். இன்ஜின் வைத்தால் அந்த மனுஷர்களுக்கு உபகாரமாக இருக்கும் என்றார் இன்னொருத்தர். கடைசியில் கஸ்பாரே, பலபேர் தன்னைக் கேட்டுக்கொண்டதாகவும், தன் முகத்தையே வரைந்தால் மறுப்பதற்கில்லை என்றும் வெட்கத்தோடு சொன்னார். அந்தப் பலபேர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

சேதி கேட்டு ஜூடிக்கு ஒரே சந்தோஷம். படத்தில் ஆள் போனால் பட்டப்பெயரும் போய்விடும் அல்லவா? ஆனாலும் இத்தனை நாள் ஒரே பெயரைப் பங்கு போட்டுக்கொண்டவர். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

முதலில் அவளும் மீனைத்தான் பார்த்தாள். ரத்தத்திலேயே இருக்கிறதே, என்ன செய்ய? அப்புறம் மெதுவாகக் கண்ணை நகர்த்தினாள். வலை இழுக்கிற ஒருத்தர் கால்மேல் ஒரு நண்டு ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. ஜூடிக்குச் சிரிப்பு வந்தது. உதவிக்கு வரும் இரண்டாவது படகில் ஒருத்தர் வாய் திறந்து கத்துகிறார், அவருக்கு ஒரு பல் இல்லை. பிறகு படகு தண்ணீரைத் தொடுகிற கோட்டைப் பார்த்தாள்.

படகு நேராக நின்றது.

அதெப்படி? ஐந்து பேரும் ஒரே பக்கம். வலையின் பாரமும் அந்தப் பக்கம். படகு குப்புறக் கவிழ்ந்திருக்க வேண்டுமே.

ஜூடி மறுபக்கத்து ஆளைப் பார்த்தாள். அவர் பாதம் குறுக்குப் பலகைக்கு அடியில் மாட்டியிருந்தது. கை, ஒரு கயிற்றை நரம்பு புடைக்கப் பிடித்திருந்தது. முதுகு படகுக்கு வெளியே தொங்கியது. தூங்குகிறவர் எங்கேயாவது இப்படிப் படுப்பாரா?

தேடிக்கொண்டு வந்த அம்மாவிடம் காட்டினாள். பிலோமி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“அய்ய, இது உங்க நைனா உக்கார்ற மாரியே கீது. வலை ஒரு பக்கம் இழுத்தா, அது இந்தப் பக்கம் சாஞ்சிக்கும். நானும் இத்தினி வருசமா அந்தக் கொடுவாவயே பாத்துகினு இருந்துட்டேனே.”

ராத்திரி வீட்டில் ஜெரால்டும் ஆமாம் என்றார். ஆனால் தான் போய்ச் சொன்னால், மகள் சொன்னதற்காகப் பேசுவதாகக் கஸ்பார் நினைப்பார் என்றார்.

ஆக, முடிவு ஜூடியுடையது. வாயை மூடிக்கொண்டால், நாளை காலை பெயிண்ட் அடிக்க ஆள் வந்து, மத்தியானத்துக்குள் பட்டப்பெயர் ஒழிந்துவிடும். வாயைத் திறந்தால் அந்த ஆள் இருப்பார், பெயரும் இருக்கும். அவள் வழக்கப்படி மெதுவாகத்தான் யோசித்தாள். சனிக்கிழமை காலை இரண்டாவது தோசையின் கடைசி விள்ளலில் முடிவு வந்தது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

கோயிலில் செங்குட்டுவன் ஏணிமேல் நின்று பெயிண்ட்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர் அவர். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், எண்ணெய் தடவி வாரிய தலையோடு, மோவாயைத் தூக்கிவைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார் கஸ்பார்.

“அண்ணே, கொஞ்சம் இருங்க. அவரு தூங்கல,” என்றாள் ஜூடி. “அவரு இல்லன்னா படகு கவுந்துடும்.”

செங்குட்டுவனின் கை நின்றது. கஸ்பாரின் மோவாய் நிற்கவில்லை, கீழே இறங்கியது.

“படகா? துறைமுகத்துல நான் பாக்காத கப்பலா? போம்மா அந்தாண்ட,” என்றார்.

“அப்போ எங்க நைனா படகுல செஞ்சு பாக்கலாமா மாமா? அந்த ஆளா நீங்களே உக்காருங்க.”

கப்பலையே பார்த்தவர், படகுக்குப் பயந்தால் நன்றாக இருக்குமா? கிளம்பினார்.

கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தினார்கள். வலை நிறைய ஈர மணல் மூட்டை. கமிட்டியில் நான்கு பேரும் ஜெரால்டும் ஒரு பக்கம் நின்று இழுத்தார்கள். தெருவே கரையில் கூடிவிட்டது. ஜூடி சொன்னபடி கஸ்பார் பலகைக்கு அடியில் காலை மாட்டி, கயிற்றைப் பிடித்து, மறுபக்கம் சாய்ந்தார். படகு ஆணி அடித்தமாதிரி நின்றது.

“பாத்தியா?” என்றார் வெற்றியோடு. “நான் ஒரு வேலயும் செய்யல. சும்மா தான் சாஞ்சிகினு கீறேன். படகு நல்லா தான் கீது.”

“சரி மாமா,” என்றாள் ஜூடி. “இப்போ உங்கள அழிச்சாச்சு. எழுந்து அந்தப் பக்கம் வாங்க.”

கஸ்பார் எழுந்தார். ஒரு அடி வைத்தார். படகு முனகியது. இரண்டாவது அடி வைத்தார். ஜெரால்ட், “மாமு, வேணாம்,” என்றார். மூன்றாவது அடி வைப்பதற்கு அங்கே படகு இல்லை. மணல் மூட்டை, கமிட்டி, தலைவர் எல்லாம் தண்ணீரில். மூன்று பேனாவும் வரிசையாக மிதந்து போயின.

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. கஸ்பார் தலையில் வலையோடு எழுந்து நின்றார். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார்.

“செங்குட்டுவா,” என்றார், “அந்த ஆளு மேல கைய வெக்காத.”

செங்குட்டுவன் எந்த ஆள்மேலும் பெயிண்ட் வைக்கவில்லை. டப்பாக்களை மூடிவிட்டு, மெத்தென்ற பஞ்சால், இத்தனை வருஷ மெழுகுவத்திப் புகையை இரண்டு நாள் பொறுமையாகத் துடைத்தார். இருட்டிலிருந்து அந்த முகம் வெளியே வந்தது. கண் அகலத் திறந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒரு வியர்வைத் துளிகூட வரைந்திருந்தது.

திருவிழா அன்று கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள் படத்தைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். கஸ்பார்தான் முன்னால் நின்று, காலை எப்படி மாட்டவேண்டும், முதுகை எப்படிச் சாய்க்கவேண்டும் என்று ஒவ்வொருத்தருக்கும் செய்து காட்டினார். பார்க்கிறவர்கள் அவரே கண்டுபிடித்ததாக நினைத்தார்கள். அவரும் முதல் பத்துப் பேர் வரைக்கும் மறுக்கவில்லை.

பதினோராவதாக வந்த ஒரு பாட்டி, இத்தனை கூர்மையாகப் பார்த்தது யாரப்பா என்று நேராகவே கேட்டுவிட்டாள். கஸ்பார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தூணுக்குப் பின்னால் நின்ற ஜூடியைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்.

“இதுதான் பாத்துச்சு. இன்னா வேணுமோ இத்தக் கேளுங்க. ஆனா அவசரப்படுத்தாதீங்க, மெதுவா தான் சொல்லும்.”

பாட்டி கேட்டாள். ஜூடி யோசித்தாள். வரிசை மாதா கோயில் வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் நீண்டது. ஒருத்தர்கூட நகரவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீட்டிலும் உலை அரிசி குறையாமல் இருக்கட்டும். வாசல் கொள்ளாமல் செருப்புகள் கிடக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் நல்லபடியாகத் திரும்பி வந்து, ஒன்றாக உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிடட்டும்.