நாக்கில் ஒட்டிய கல்

எண்ணூர் கழிமுகத்தில் நீர் வற்றிக் கிடந்த உச்சி வேளை. திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராமசெல்வி, ஞாயிறுதோறும் செய்வதுபோல, செருப்பைக் கரையில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினாள். பழங்காலச் சிப்பி, கல்லாகிப்போன மரத்துண்டு என்று எது கிடைத்தாலும் கழுவி, சீட்டில் பெயர் எழுதி, அலமாரியில் வைப்பாள். காற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் நெடி. சற்றுத் தள்ளி, வற்றாத பள்ளத்தில் இடுப்பளவு நீரில் அங்கம்மா கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பழுப்பாக, விரல் நீளத்தில் ஒன்று அகப்பட்டது. கல்லா, கல்லாகிவரும் எலும்பா? அதற்கு ஒரு சோதனை உண்டு. கல் நாக்கில் ஒட்டாது. பழைய எலும்பு ஒட்டும். ராமசெல்வி அதைத் துடைத்து நுனிநாக்கில் வைத்தாள்.

"இன்னா செல்வி, கல்லைப் போயி நக்கிகினு கீறே? கடையில உப்பு தீந்துபோச்சா?" என்று அங்கம்மா நீரிலிருந்தே கேட்டாள்.

ராமசெல்வி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஒட்டியிருந்தது.

இழுத்தாள். நாக்குதான் வந்தது. எச்சில் வற்றியது. தொண்டை வற்றியது. மூச்சு உள்ளே இறங்க மறுத்தது.

பிறகு அவள் வாய் பேசியது. குரல் அவளுடையதல்ல.

"தண்ணி..."

அங்கம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வாய்ல தண்ணி ஊத்த ஆளில்லாம செத்தது இது," என்று கிசுகிசுத்தாள். "குட்துடாதே. ஒருவாட்டி குட்தா வூட்டாண்ட வந்துரும். கத்தி கீது. நாக்கு நுனிய அறுத்து வுட்டுர்றேன்."

ராமசெல்வி கத்தியைத் தள்ளிவிட்டாள். சாகிறவர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் விடாத வீடு உண்டா? அந்த ஒரு மடக்குக்காக எலும்பு கல்லாகும்வரை காத்திருந்த உயிரிடமிருந்து ஓடுவதா? தோள்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அப்படியே எலும்பின்மேல் கவிழ்த்தாள்.

ஒரு சொட்டும் கீழே விழவில்லை.

பிடி விட்டது.

ரத்தம் கசிந்த நாக்கோடு அதைப் பார்த்துச் சொன்னாள்: "வா, வீட்டுக்கே வா. தினமும் தர்றேன். ஆனா இனிமே யார் நாக்கையாவது தொட்டே, உரல்ல போட்டு இடிச்சிருவேன்."

"பேயாண்டயே சவடாலா!" என்று அங்கம்மா பின்வாங்கினாள்.

மாலை விளக்கேற்றி, சாமி படத்தின் கீழே அதை வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தாள். சீட்டில் 'எலும்பு' என்று எழுத மனம் வரவில்லை. 'ஒருவர்' என்று எழுதினாள்.

காலையில் டம்ளர் காலி. விளிம்பில் சேற்று உதட்டுத் தடங்கள்.

இரண்டு.

ஒன்று பெரியது. மற்றொன்று குழந்தையுடையது.

ராமசெல்வி பேனாவை எடுத்தாள். சீட்டில் 'ஒருவர்' என்பதை அடித்து 'இருவர்' என்று திருத்தினாள். பிறகு சின்னதாக இன்னொரு டம்ளரைக் கழுவி, நிரப்பி வைத்தாள்.