அமாவாசைக்குத் தறி நிற்கும்

பக்கத்து வீட்டுக் கலியன் தன் தறியைப் பொதுச்சுவரோரம் மாற்றிய பிறகுதான் தலைசுற்றல் வந்ததா, அதற்கு முன்பேயா என்று ஃபக்ருதீனால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. நினைவு தனக்கு வேண்டியபடி முன்பின்னாக மாறிக்கொள்ளும் என்பதை அவர் ஒப்புக்கொள்வார். ஆனால் அந்தக் காகிதம் பொய் சொல்லாது.

மார்பில் ஒட்டிய கருவி ஒரு முழுநாள் துடிப்பைப் பதிந்து தந்த காகிதம். டாக்டர் துர்கா அதில் ஓரிடத்தில் பேனாவை வைத்தார்.

"மெதுவா அடின்னு மூளையிலேர்ந்து ஒரு நரம்பு இதயத்துக்குச் சொல்லிக்கினே இருக்கும் சார். போதும்னு அதை அடக்க இதயத்துல ஒரு புரதம் இருக்குது. உங்களுக்கு அது குறைவோன்னு சந்தேகம். நரம்பு பிடிச்ச பிடியை விடமாட்டேங்குது. திங்கட்கிழமை பேஸ்மேக்கர் வெச்சிடலாம்."

பேனா நின்றது மதியம் ஒன்று பத்தில். நான்கு நிமிடம், துடிப்பு முப்பத்திரண்டு. அந்த நான்கு நிமிடமும் பக்கத்து வீட்டுத் தறி நின்றிருந்தது. அந்த அமைதியில்தான் கையிலிருந்த தம்ளர் நழுவியது.

இருபது நாளாக இரவும் பகலும், இழையை அடித்து நெருக்கும் அந்தத் தறிப் பலகையின் சத்தம். கல்யாண ஆர்டர் என்றான் கலியன். அவனும் மனைவி தையல்நாயகியும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் சுவரில் காதை வைத்து, தன் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தார் ஃபக்ருதீன். அங்கே ஒன்று. இங்கே ஒன்று.

"கடையில சரிகையை உரசிப் பார்க்கிற மாதிரி இப்ப சுவத்தையும் உரசுறீங்களா?" என்று சிரித்தாள் மனைவி ஜோஹரா. "அக்கறையா விசாரிக்கிற மனுஷன் மேலயா சந்தேகம்?"

அந்த விசாரிப்புதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கலியன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கழுத்தைப் பார்த்தான், நாடி துடிக்கும் இடத்தை.

சனிக்கிழமை மாலை வாசலில் அவன் நின்றான். "நாளைக்கு அமாவாசை பாய். தறியில உக்கார மாட்டோம். நிம்மதியா தூங்குங்க."

ஞாயிறு விடிந்தபோது தெருவில் ஒரு தறியும் அசையவில்லை. விரலில் மாட்டிய சிறு கருவி நாற்பது என்றது. பத்து மணிக்கு முப்பத்தாறு. ஜோஹரா ஆட்டோ பிடிக்க ஓடினாள். ஃபக்ருதீன் சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பாத்திரம் இல்லை, பாய் இல்லை. தறி மட்டும். அதில் நீளவாட்டில் கட்டும் பாவு நூல் இல்லை. ஒரு இழை பட்டு இல்லை. இருபது நாளும் அங்கே எதுவும் நெய்யப்படவில்லை. பலகை மட்டும் கைபட்டுக் கைபட்டுப் பளபளத்தது.

முப்பது.

உட்கார்ந்தார். பலகையை இழுத்தார்.

மார்பில் ஒன்று.

மறுபடி. மறுபடி. முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. கை ஓய்ந்தது. உடனே துடிப்பு இறங்கியது. இழுத்தார்.

"ஏங்க!" ஜோஹரா வாசலில் நின்றாள். "எழுந்து வாங்க!"

"நிறுத்தாதே ஜோஹரா. நீ பிடி. கொஞ்ச நேரம்."

அவள் பிடித்தாள்.

ஞாயிறும் திங்களும் இருமுறை தெருக்காரர்கள் அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். பலகைச் சத்தம் எட்டாத தெருமுனையைத் தாண்டுமுன் அவருக்குக் கண் இருண்டது; தறிக்குத் திரும்பிய பிறகுதான் தெளிந்தது. பேஸ்மேக்கர் வைக்கவில்லை. கலியனும் தையல்நாயகியும் தாமலில், ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கிறார்கள். இருவருக்கும் இப்போது நல்ல தூக்கமாம். எட்டாம் நாள் ஜோஹரா தன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கணவனுடையதை. இரண்டும் பலகையோடு ஒன்றாக அடித்தன.

அவர்கள் அந்தத் தறிவீட்டுக்கே வந்துவிட்டார்கள். காலியான சொந்த வீட்டுக்குத் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ரிஷப் என்பவர் மனைவி நித்யாவோடு குடிவந்திருக்கிறார். அவருக்கு இரண்டு நாளாகத் தலைசுற்றல். உள்ளே ஃபக்ருதீன் பலகையை இழுக்க, ஜோஹரா வாசலுக்குப் போய் அக்கறையாக விசாரிக்கிறாள், அவருடைய கழுத்தைப் பார்த்தபடி.