இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம்

வாழையிலையில் கணவாய்க்கறிக்கும் முட்டைப்பொரியலுக்கும் நடுவே வைத்திருந்த வீடியோ கேம் கொன்ட்றோலரின் பச்சை விளக்கு சிமிட்டியது. அதன் பற்றரிகளை நிர்மலன் காலையிலேயே கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டிருந்தான். தொட்டுப் பார்த்தான். இரண்டும் அங்கேதான் இருந்தன.

குகதாசன் அத்தான் செத்து இன்று எட்டாம் நாள். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் படைத்து, வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். கொன்ட்றோலரை வைக்கச் சொன்னது அத்தானின் மனைவி, நிர்மலனின் சொந்த அக்கா வசந்தமலர்.

“அதையும் வையடா தம்பி. உன்னோட விளையாடுறதெண்டா அவருக்குச் சோறும் தேவையில்லை.”

அவன் பற்றரியில்லாமலே அதைக் கொண்டுவந்து வைத்தான்.

லூயிஷாமில் இந்த பிளாற்றின் சோபாவில்தான், டிவித் திரையை இரண்டாகப் பிரித்து, ஞாயிறுதோறும் அவனும் அத்தானும் ஸொம்பிகளைச் சுட்டார்கள். அந்த விளையாட்டில் தனியே ஓடினால் சாவு. ஒருவர் விழுந்தால் மற்றவர் போய்த் தூக்க வேண்டும், இரும்புக் கதவு போட்ட அறைக்குள் சேர்ந்தே நுழைய வேண்டும். தன்னைத் தூக்கிவிட ஓர் ஆள் இருக்கிறது என்ற தைரியம், அகதியாக வந்த எட்டு வருடத்தில் அவனுக்கு அங்கேதான் கிடைத்தது. அத்தான் ஒருநாளும் அவனை விட்டுவிட்டுப் போனதில்லை.

போன ஞாயிறு திரையில் அத்தானின் ஆள் அசையாமல் நின்று, கடிபட்டு விழுந்தது. நிர்மலன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தனியே ஓடினான். இரும்புக் கதவைச் சாத்தினான். கட்டத்தை முடித்த பிறகுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அத்தான் சோபாவில் சரிந்து கிடந்தார். அதற்குள் பதினொரு நிமிடம் போயிருந்தது.

“டக்கெண்டு சரிஞ்சிட்டார், உடனே அம்புலன்சுக்கு அடிச்சனான்” என்று அக்காவிடம் சொன்னான். அவள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த வெட்கத்தில் ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அறைக் கதவைச் சாத்திவிட்டு அவனும் அக்காவும் வெளியே வந்தார்கள். நாலு மணிக்கே இருட்டிவிட்ட நடையில், சாம்பிராணிப் புகையும் மீன்பொரியல் மணமும் ஈரக் கோட்டுகளின் வாடையும் கலந்து நிற்க, கீழே ரயில் ஒன்று கண்ணாடிகளை அதிரவைத்துப் போய் ஓய்ந்த பிறகு, உள்ளே ஏதோ கோப்பையோடு உரசி அதிரும் சத்தம் அவனுக்குக் கேட்டது. நின்றது. திரும்பவும் அதிர்ந்தது. விளையாட்டில் விழுந்தவர் உதவி கேட்டால் கொன்ட்றோலர் அப்படித்தான் அதிரும்.

பிறகு ஒரு குரல். போன ஞாயிறு பேசிய அவனுடைய குரலேதான்.

“எழும்புங்கோ அத்தான்.”

அக்கா நிமிர்ந்தாள். “ஆரடா உள்ளுக்கை?”

“டிவியாக்கும். நான் நிப்பாட்டுறன்.”

அவன் முந்தி ஓடினான். அவளும் பின்னால் வந்துவிட்டாள்.

திரை இரண்டாகப் பிரிந்து எரிந்தது. வலப்பக்கம் அத்தானின் பாதி, சிவப்பாய்ப் போன தரை. இடப்பக்கம் அவனுடைய ஆள், இரும்புக் கதவுக்கு உள்ளே. டிவிக்குள் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள். அதற்கு மேலே அவன் குரல், எரிச்சலோடு.

“சரி, கிடவுங்கோ. நான் முடிச்சுப்போட்டு வாறன்.”

மூச்சு மட்டும் தொடர்ந்தது. நெடுநேரம்.

“உடனே அடிச்சனெண்டாய்” என்றாள் அக்கா.

அவள் டிவிக்குக் கீழே கிடந்த அவனுடைய கொன்ட்றோலரை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“தூக்கு அவரை.”

அவன் எதையும் அமத்த முதலே வலப்பக்கத்தில் தரை அசைந்தது. சுவர் தெரிந்தது. அத்தான் எழும்பிவிட்டார். நடக்கிறார். ஒரு காலை இழுத்து.

இரும்புக் கதவில் தட்டும் சத்தம்.

கதவின் சின்னக் கம்பி யன்னலில் ஒரு முகம். ஸொம்பி இல்லை. கண்ணாடி போட்ட முகம். வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிந்து, அன்று அவன் திரும்பிப் பார்த்தபோது இருந்த அதே முகம். உதடு அசைந்தது. தம்பி.

“திறவடா!” அக்கா கத்தினாள்.

கதவைத் திறக்க ஒரு பட்டன். அவ்வளவுதான். அமத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் விரல் தாழ்ப்பாள் பட்டனைத்தான் தேடியது. இறுக்கிப் போட்டது.

கம்பிக்கு அந்தப் பக்கம் அத்தான் தட்டுவதை நிறுத்திவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.