அரைக்கால்

கடை வாசலில் பொருத்தியிருந்த விலைக்கண் அந்தச் சாண் உயரப் பொம்மையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போன மாதத்தைவிட விலை கூடியிருப்பதாகச் சொன்னது. பொம்மை மேசை விளிம்பிலிருந்து கரணம் போட்டு இறங்கி நின்றது. அது தேவசகாயத்தின் கரணம். சினிமாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய நரம்புகளிலிருந்து பதிவெடுத்து இந்தச் சண்டை உருவங்களுக்குள் வைத்தார்கள். இப்போது அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே இயந்திரக்கால். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காத கால்.

“ஏம்மா, ஏறிக்கிட்டே போகுது?”

“உங்க கால் போச்சுல்லண்ணே. இனிமே புதுசாப் பதிவெடுக்க முடியாது, அதான்,” என்றாள் கடைக்காரி பல்கீஸ், அவர் முகத்தைப் பார்க்காமல்.

தன் கால் போனதில் யாருக்கோ லாபம். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

பர்மா பஜாரில் இப்போதெல்லாம் மனிதர்கள் விலை சொல்வதில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு விலைக்கண். அளவைப் பார்க்கும், அசைவைப் பார்க்கும், இரண்டும் பொருந்தினால் விலை சொல்லும். பொருந்தாவிட்டால் போலி என்று அறிவித்து அலமாரிகளைப் பூட்டிவிடும். அப்புறம் பல்கீஸே நினைத்தாலும் திறக்காது. ஆள் உயரத்தில் நாலில் ஒன்று இருந்தால் அந்த உருவத்துக்குப் பெயர் ‘கால்’, எட்டில் ஒன்று இருந்தால் ‘அரைக்கால்’. விலை மட்டும் தலைகீழ். சாண் உயர அரைக்கால்தான் யானை விலை, வீட்டு அலமாரியில் அடங்கும் அல்லவா? முழங்கால் உயரக் கால் உருவத்தை வாங்கி எங்கே வைப்பது?

“உங்களோட கால் உருவம் ஒண்ணு சும்மா கிடக்குதுண்ணே. ரொம்பக் கம்மி விலை.”

“வேணாம்மா. டாக்டர் போன்ல தெளிவாச் சொன்னாரு. உன் பழைய பதிவு கிடைச்சா எடுத்துட்டு வா, இயந்திரக்கால்ல ஏத்திடலாம், அரைக்கால் போதும்னாரு.”

ஸ்கூட்டரை விற்ற பணம் அரைக்காலுக்குச் சரியாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் பதிவை ஏற்றினார்கள். தேவசகாயம் ஊன்றுகோல் இல்லாமல் எழுந்து நடந்தார். அழுகை வந்துவிட்டது. கதவருகே போனதும் இயந்திரக்கால் சட்டென்று விறைத்து, மேலே எழும்பி, உதைக்கிற பாவனையில் அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

“என்னய்யா இது? அலமாரிப் பொம்மையையா எடுத்துட்டு வந்தே? அதுல இடம் பத்தாம நாலு எட்டு நடை, ஒரு கரணம், ஒரு உதை, அவ்வளவுதான் வெச்சிருப்பான். முழு நடையும் பெரிய உருவத்துலதான் இருக்கும்.”

“நீங்கதானே சார் அரைக்கால்னு...”

“முட்டிக்குக் கீழ, அந்த அரைக்காலுக்கு மட்டும் ஏத்தினா போதும்னேன்யா!”

மறுநாள் கடைக்கு வந்தார். மலிவானதைத்தானே கேட்கப்போகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

“அந்தக் கால் உருவத்தையே குடும்மா,” என்றபடி படியேறினார்.

விலைக்கண் அவர் பக்கம் திரும்பியது. ஏற இறங்கப் பார்த்தது.

“அளவு, முழு ஆள். அசைவு, அரைக்கால். பொருந்தவில்லை. போலி.”

அலமாரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன.

“அட கண்ணவிஞ்சதே, அவருதான் அசலு!” பல்கீஸ் அதன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது இன்னொரு முறை அவரைப் பார்த்துவிட்டு, அதையே சொன்னது.

பூட்டிய அலமாரியின் கண்ணாடிக்குள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு தேவசகாயம் நிதானமாக நடந்து, திரும்பி, மறுபடி நடந்துகொண்டிருந்தான்.

“நல்லா நடக்குறான்ல?” என்றார் தேவசகாயம். அவருடைய கால் மேலே எழும்பி, உதைக்கிற பாவனையில் நின்றுவிட்டிருந்தது. பல்கீஸ் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.