மூலக் கை

இந்த முறையும் தோற்றால் ஜெயசீலி இனிப் பயணியாகத்தான் விமானத்தில் ஏற முடியும். ஐம்பத்தெட்டு வயதில் அவள் மறுபடியும் மாணவ விமானி. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் எல்லாரும், புதிதாகக் கற்பவர்களைப்போலவே, கைவழி உறையைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து தேற வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

பார்க்கச் சாதாரணக் கையுறை போலத்தான் இருக்கும். தேர்ந்த விமானி ஒருவர் தரையிறங்கியபோது விரலும் மணிக்கட்டும் அசைந்த விதம் முழுக்க அதில் பதிந்திருந்தது. போட்டுக்கொண்டவரின் தசையைச் சின்ன மின்துடிப்புகளால் தூண்டி அதே அசைவைச் செய்யவைக்கும். தடுக்காமல் விட்டுக்கொடுத்தால் ஒரே இறக்கத்தில் கை அதைக் கற்றுக்கொள்ளும், பிறகு மறக்காது. விபத்துகள் குறைந்தது உண்மை. அதை ஜெயசீலியும் மறுக்கமாட்டாள். அதில் பதிந்திருக்கும் ‘மூலக் கை’யே அவளுடையதுதான்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன், தருவைக்குளம் விமானத்திடலில் பதிவுக்காக அவள் இறங்கியபோது, தரையைத் தொடப்போகும் நேரத்தில் ஒரு பருந்து குறுக்கே வந்தது. சட்டென்று இடப்பக்கம் வெட்டினாள். இடது சக்கரம் முதலில் மோதி, விமானம் துள்ளி உட்கார்ந்தது. இதை அழித்துவிட்டு இன்னொரு தடவை எடுங்கள் என்று கெஞ்சினாள். பதிவு செய்ய வந்தவர்களுக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். "நல்லாத்தானே இறங்குச்சு" என்று கிளம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நாட்டின் சிறு விமானமெல்லாம் நொண்டிக்கொண்டுதான் இறங்குகிறது. இடது டயர் வாங்கி மாளவில்லை. ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேர்வில் ஜெயசீலி நேராக இறங்கினாள். அதனாலேயே இரண்டு முறை தோற்றாள்.

"மேடம், நீங்க உறையோட மல்லுக்கட்டுறீங்க," என்றான் பயிற்சியாளன் இளம்பரிதி. அவள்மேல் அவனுக்கு உண்மையான அக்கறை இருந்தது. "கடைசில இடப்பக்கம் ஒரு வெட்டு வருதுல்லா, அதுக்கு விட்டுக்குடுத்துருங்க."

"அது பருந்துக்காக வெட்டுனது தம்பி. இப்ப பருந்து எங்க இருக்கு?"

"மூலக் கை காரணமில்லாம செய்யுமா மேடம்?"

"அந்தக் கையே என்னுதுதானப்பா!"

"தெரியும் மேடம். ஆனா மார்க்கு போடுறது நானில்லயே, மெஷினு."

அவளுக்கு அலுத்துவிட்டது. மெஷினோடு வாதாடி யார் ஜெயித்தார்கள்? பறக்காமல் வீட்டில் உட்கார அவளால் முடியாது. மூன்றாம் முறை உப்பளங்களைத் தாண்டி ஓடுபாதை எதிரே விரிந்தபோது, கையைத் தளர்த்தினாள். வெறும் வானத்தில் கை இடப்பக்கம் வெட்டியது. விமானம் துள்ளி உட்கார்ந்தது. நூற்றுக்கு நூறு என்றது மெஷின்.

மறுநாள் உரிமத்தோடு தனியாக ஏறினாள். இனி உறை தேவையில்லை. வெறுங்கையோடு, தன் வழக்கப்படி நேராக இறங்க வந்தாள். கை வெட்டியது. நிற்காமல் மேலே ஏறி இன்னொரு சுற்று வந்தாள். மறுபடியும் வெட்டியது. அடுத்த சுற்றில் இடக்கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு கையும் சேர்ந்தே வெட்டின. முன்பெல்லாம் எப்படி இறங்குவாள் என்பதே அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

விமானம் ஓடி நின்றது. ஜெயசீலி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். வானொலியில் இளம்பரிதியின் குரல் சந்தோஷமாக ஒலித்தது.

"சூப்பர் மேடம்! மூணு தடவையும் அப்படியே நீங்கதான்!"